மாடிப் போர்ஷனை வாடகைக்கு விட்டிருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்: வாடகை உயர்வும் வாடகைதாரர் சிக்கல்களும்

கடன் வாங்கி வீடு கட்டி, கீழ்த்தளத்தில் தாம் குடியிருந்துகொண்டு, மாடியில் உள்ள ஒன்றிரண்டு போர்ஷன்களை வாடகைக்கு விட்டிருப்பவர்களுக்காக இந்தப் பதில்கள் எழுதப்பட்டுள்ளன. ஓய்வூதியம் இல்லாத பல குடும்பங்களுக்கு அந்த வாடகைதான் மாத வருமானம். இங்கே சொல்லப்படும் சட்ட விவரங்கள் தமிழ்நாட்டின் நகர்ப்புறங்களுக்கு உரியவை. 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக, சொத்து உரிமையாளர் மற்றும் வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் குறித்த 2017ஆம் ஆண்டுச் சட்டம் 22.02.2019 முதல் நடைமுறையில் உள்ளது. பழைய சட்டத்தை வைத்துக்கொண்டு இன்றும் ஆலோசனை சொல்பவர்கள் உண்டு. அதை நம்பி முடிவெடுக்க வேண்டாம்.

வருடத்துக்கு எத்தனை சதவீதம் வரை வாடகையை உயர்த்தலாம்? அதற்குச் சட்டத்தில் உச்சவரம்பு இருக்கிறதா?

இல்லை. இத்தனை சதவீதத்துக்கு மேல் உயர்த்தக்கூடாது என்று புதிய சட்டம் எந்த எண்ணையும் குறிப்பிடவில்லை. நீங்களும் வாடகைதாரரும் ஒப்பந்தத்தில் எழுதிக்கொண்டபடியே வாடகை உயர வேண்டும் என்றுதான் அது சொல்கிறது. 5 சதவீதம் என்று எழுதியிருந்தால் 5 சதவீதம். உயர்வைப் பற்றி ஒன்றுமே எழுதவில்லை என்றால், ஒப்பந்தக் காலம் முடியும் வரை உங்கள் விருப்பப்படி உயர்த்த முடியாது. இருவருக்கும் உடன்பாடு ஏற்படவில்லை என்றால் யார் வேண்டுமானாலும் வாடகை அதிகார அமைப்பிடம் மனுச் செய்து வாடகையை நிர்ணயிக்கவோ திருத்தவோ கேட்கலாம். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அதிகாரி ஒருவர் அந்தப் பொறுப்பில் இருப்பார்.

குடியிருப்பு வீடுகளுக்கு ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது 5 சதவீதம் என்பது பரவலான வழக்கம். 10 சதவீதம் கேட்பவர்களும் உண்டு. வழக்கம் எதுவாக இருந்தாலும், ஒப்பந்தத்தில் இருக்கும் வரிதான் நிற்கும்.

என் வாடகைதாரர் நல்லவர், மாதம் 5ஆம் தேதிக்குள் பணம் வந்துவிடும். ஆனால் பக்கத்து வீட்டில் 2,000 ரூபாய் அதிகம் வாங்குகிறார்கள். நான் மட்டும் ஏன் குறைவாக வாங்க வேண்டும்?

அதிகம் கேட்கப்படுவது இந்தக் கேள்விதான். இதற்குப் பதில் சொல்லும் முன் ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வாடகை 12,000 ரூபாய், பக்கத்து வீட்டு வாடகை 14,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நீங்களும் 14,000 கேட்கிறீர்கள், வாடகைதாரர் காலி செய்துவிடுகிறார். அடுத்தவர் வரும் வரை ஒன்றரை மாதம் வீடு பூட்டிக் கிடந்தால் 21,000 ரூபாய் போயிற்று. பெயின்ட் அடிக்கவும் சில்லறை வேலைகளுக்கும் 18,000 ரூபாய். தரகருக்கு ஒரு மாத வாடகை, அதாவது 14,000 ரூபாய். ஆக மொத்தம் 53,000 ரூபாய். இருக்கிறவருக்கே 5 சதவீதம் உயர்த்தியிருந்தால் 12,600 ரூபாய் வந்திருக்கும். அதற்கும் 14,000 ரூபாய்க்கும் உள்ள வித்தியாசம் மாதம் 1,400 ரூபாய். இழந்த 53,000 ரூபாயை அந்த 1,400 ரூபாயைக் கொண்டு ஈடுகட்ட மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆகும். பெயின்ட் எப்படியும் ஒரு நாள் அடிக்க வேண்டியதுதான் என்று அதைக் கழித்துவிட்டாலும் இரண்டு ஆண்டுகள் ஆகிவிடும். புதிதாக வருபவர் ஒழுங்காக வாடகை தருவாரா என்பது இந்தக் கணக்குக்குள் வரவே இல்லை.

பக்கத்து வீட்டு வாடகையை ஒப்பிடும்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அங்கே கார் நிறுத்த இடம் இருக்கிறதா, தனி மின் இணைப்பு இருக்கிறதா, போர் தண்ணீர் உப்பா, மெட்ரோ வாட்டர் வருகிறதா, மாடிப்படி வெளியே தனியாக இருக்கிறதா என்பதையெல்லாம் பார்த்த பிறகே அது உங்கள் வீட்டுக்கு நிகரான வீடா என்று சொல்ல முடியும். அவர்கள் கேட்கும் வாடகை வேறு, கைக்கு வரும் வாடகை வேறு. 14,000 ரூபாய் என்று பலகை மாட்டிவிட்டு மூன்று மாதமாகக் காத்திருக்கும் வீடுகள் ஒவ்வொரு தெருவிலும் இருக்கின்றன.

இதைச் சொல்வதால் வாடகையை உயர்த்தவே வேண்டாம் என்று பொருள் கொள்ள வேண்டாம். சொத்து வரி, தண்ணீர், பழுதுச் செலவு எல்லாம் ஏறிக்கொண்டே இருக்கின்றன. 2022ஆம் ஆண்டு நகர்ப்புறச் சொத்து வரி பெரிய அளவில் உயர்த்தப்பட்டது, அதன் பிறகு ஆண்டுதோறும் 6 சதவீத உயர்வு என்ற நடைமுறையும் வந்துவிட்டது. ஆண்டுதோறும் சிறிதளவு, சொல்லி வைத்தபடி உயர்த்துவதே இருவருக்கும் நல்லது என்பது என் உறுதியான கருத்து.

எட்டு வருடமாக உயர்த்தவே இல்லை. இப்போது ஒரேயடியாக உயர்த்தலாமா?

7,000 ரூபாய்க்கு விட்ட வீடு இன்று 13,000 ரூபாய் பெறும் என்றாலும், அந்த இடைவெளியை ஒரே மாதத்தில் வாடகைதாரர் மீது ஏற்றினால் அவர் அதை உயர்வாகக் கருத மாட்டார், தம்மை வெளியேற்றும் வழியாகவே கருதுவார். ஒப்பந்தமே இல்லாமல் வாய்ப்பேச்சில் ஓடிக்கொண்டிருந்தால் முதலில் ஒப்பந்தத்தை எழுத்தில் கொண்டுவாருங்கள். அதில் முதல் ஆண்டுக்கு 8,500, அடுத்த ஆண்டுக்கு 10,000, அதற்கடுத்த ஆண்டுக்கு 11,500 என்று படிகளை எழுதிவிடலாம். இந்த முறையில் சந்தை வாடகையை முழுவதும் எட்டாமல் போகலாம். எட்டு ஆண்டுகள் உங்கள் வீட்டைத் தம் வீடுபோல் பார்த்துக்கொண்ட ஒரு குடும்பத்துக்கு அந்தச் சிறு வித்தியாசத்தை விட்டுக்கொடுப்பதில் நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

உயர்வை எப்போது, எப்படிச் சொல்ல வேண்டும்?

ஒப்பந்தம் முடிய இரண்டு மாதங்கள் இருக்கும்போதே சொல்லிவிட வேண்டும். மாடிப்படியில் எதிர்ப்படும்போதோ, மோட்டார் போடுவது பற்றிய வாக்குவாதத்தின் நடுவிலோ சொல்லக்கூடாது. நேரில் உட்கார்ந்து, “தம்பி, வர்ற ஜூன்ல அக்ரிமென்ட் முடியுது. இப்ப பன்னிரண்டாயிரம், ஜூன்லேர்ந்து பன்னிரண்டாயிரத்து அறுநூறு. வீட்ல கலந்து பேசிட்டு ரெண்டு வாரத்துல சொல்லுங்க” என்று எண்ணையும் தேதியையும் சேர்த்துச் சொல்லுங்கள். அன்றே அதை வாட்ஸ்அப்பிலும் ஒரு செய்தியாக அனுப்பி வையுங்கள்.

காலத்தையும் பார்க்க வேண்டும். ஆடியிலும் மார்கழியிலும் நம் ஊரில் பெரும்பாலோர் வீடு மாற மாட்டார்கள்; புரட்டாசியைத் தவிர்ப்பவர்களும் உண்டு. பள்ளிப் பிள்ளைகள் உள்ள குடும்பங்கள் ஏப்ரல், மே மாதங்களில்தான் வீடு தேடும். ஒப்பந்தம் ஜூலை நடுவில் முடிவதாக இருந்து, உயர்வு ஒத்துவராமல் அவர் காலி செய்தால், உங்கள் வீடு ஆடி முழுவதும் பூட்டிக் கிடக்கும். முதல் ஒப்பந்தம் போடும்போதே அது மே மாதக் கடைசியில் முடியும்படி காலத்தை அமைத்துக்கொள்வது நல்லது.

வீட்டில் செலவு செய்து வசதி கூட்டினால் அதற்காக வாடகையை உயர்த்தலாமா?

உயர்த்தலாம், ஆனால் வேலை தொடங்கும் முன்பே வாடகைதாரருடன் பேசி உடன்பாடு செய்துகொள்ள வேண்டும். வேலை முடிந்து ஒரு மாதம் கழித்துத்தான் உயர்வு நடைமுறைக்கு வரும். பழுது பார்ப்பது இதில் சேராது. புதிதாக ஒரு கழிவறை கட்டிக்கொடுத்தால் அது வசதி. ஒழுகும் கூரையை அடைத்தால் அது உங்கள் கடமை.

11 மாத அக்ரிமென்ட் போட்டால் பதிவு தேவையில்லை என்கிறார்களே?

ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும் என்ற பதிவுச் சட்ட விதியிலிருந்து விலகுவதற்காக வந்த பழக்கம் 11 மாத ஒப்பந்தம். 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வரும் பதிவு வேறு. காலம் எவ்வளவாக இருந்தாலும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும்; கையெழுத்தான 90 நாட்களுக்குள் வாடகை அதிகார அமைப்பிடம் பதிய வேண்டும். இதற்கென உள்ள அரசு இணையதளத்திலேயே விண்ணப்பித்துப் பதிவு எண் பெறலாம்.

பத்திரத்தாளில் எழுதி இரண்டு சாட்சிக் கையெழுத்து வாங்கிப் பீரோவில் வைத்துவிட்டால் போதும் என்றுதான் பெரும்பாலான சிறு வீட்டு உரிமையாளர்கள் இன்னும் நினைக்கிறார்கள். பதியப்படாத அந்தத் தாளைச் சிக்கல் வரும் நாளில் சான்றாகக் காட்ட முடியாமல் தவிக்க நேரும். இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் செய்ய நேரம் இருக்கிறது என்றால், இந்தப் பதிவைச் செய்யுங்கள்.

அட்வான்ஸ் எத்தனை மாதம் வாங்கலாம்?

சென்னையில் 10 மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பது நெடுங்காலப் பழக்கம். ஒப்பந்தத்தில் வேறு விதமாக ஒத்துக்கொள்ளாத வரை மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக்கூடாது என்பது இன்றைய சட்டம். ஆறு மாதத்துக்கு மேல் கேட்டால் நல்ல வாடகைதாரர்கள் பலர் பலகையைப் பார்த்தவுடனேயே போய்விடுகிறார்கள். வாங்கிய முன்பணத்தை வீட்டுச் செலவில் கரைத்துவிடாமல் வங்கியில் தனி வைப்பாக வையுங்கள். காலி செய்யும்போது வரும் சண்டைகளில் பெரும்பகுதி, உரிமையாளரின் கையில் திருப்பித் தரப் பணம் இல்லாததால் வருபவை.

வருபவர் எப்படிப்பட்டவர் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வேலை செய்யும் இடம், முன்பு குடியிருந்த வீட்டின் உரிமையாளர், ஆதார் நகல் ஆகிய மூன்றும் முக்கியம். முந்தைய உரிமையாளரிடம் தொலைபேசியில், “வாடகை எத்தனையாம் தேதி வரும்?” என்று ஒரு கேள்வி கேட்டாலே போதும், அவர் பதில் சொல்லும் விதத்திலேயே பாதி தெரிந்துவிடும். வாடகைதாரர் விவரங்களை உங்கள் பகுதிக் காவல் நிலையத்திலும் கொடுத்து வையுங்கள். சாதி, மதம், சமைப்பது சைவமா அசைவமா என்று விசாரித்து ஆள் தேர்ந்தெடுப்பவர்களிடம் ஒன்றைச் சொல்ல வேண்டும்: மனிதரைப் புண்படுத்தும் அந்த விசாரணையால் வாடகை ஒழுங்காக வருமா என்பது பற்றி ஒன்றுமே தெரியவராது.

வாடகை ஒவ்வொரு மாதமும் தாமதமாகிறது. என்ன செய்வது?

தாமதத்துக்குக் காரணம் என்ன என்று முதலில் அறிந்துகொள்ளுங்கள். சம்பளமே 7ஆம் தேதிதான் வருகிறது என்றால், வாடகைத் தேதியை 10 என்று மாற்றி எழுதிக்கொண்டால் சிக்கல் தீர்ந்துவிடும். வேலை போய்விட்டது, மருத்துவச் செலவு வந்துவிட்டது என்றால், அட்வான்ஸில் ஒரு மாதத்தைக் கழித்துக்கொண்டு பின்னர் அதை நிரப்பும்படி எழுதி வாங்கிக்கொள்ளலாம். இப்படிப்பட்டவர்களைத் தொல்லை கொடுப்பவர்கள் என்று சொல்வது சரியல்ல.

மூன்றாவது வகையினர் வேறு. தொலைபேசியை எடுக்க மாட்டார்கள், பாதி வாடகையைப் போட்டுவிட்டு மீதியைப் பற்றிப் பேச மாட்டார்கள், கேட்டால் தண்ணீர் வரவில்லை என்று பேச்சைத் திருப்புவார்கள். இவர்கள் விஷயத்தில் மூன்றாவது மாதம் வரை பொறுத்திருப்பது ஆபத்து. வாடகையும் மற்ற கட்டணங்களும் இரண்டு மாதத்துக்கு நிலுவையாகி, நீங்கள் எழுத்து மூலம் கேட்டு ஒரு மாதத்துக்குள்ளும் முழுவதும் செலுத்தவில்லை என்றால், வெளியேற்றக் கோரி வாடகை நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். அந்த ஒரு மாதம் உங்கள் கோரிக்கைக் கடிதத்திலிருந்துதான் தொடங்கும். எனவே இரண்டாம் மாத நிலுவை விழுந்த அந்த வாரத்திலேயே, எந்தெந்த மாதத்துக்கு எவ்வளவு பாக்கி என்று வரிசையாக எழுதி, ஒப்புகை பெறும் வசதியுள்ள விரைவு அஞ்சலில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். கோபச் சொற்கள் எதுவும் அதில் வேண்டாம். அந்தக் கடிதத்தை ஒரு நாள் நீதிபதி படிக்கக்கூடும்.

வாடகையை ரொக்கமாக வாங்குவதைக் கூடிய வரை நிறுத்திவிடுங்கள். வங்கி வழியாக வந்தால் வங்கிப் பதிவே சான்றாகிவிடும். ரொக்கமாக வாங்கினால் ஒவ்வொரு மாதமும் கையெழுத்திட்ட ரசீது தருவது உங்கள் கடமை.

பணம் தராதவருக்கு மின்சாரத்தையோ தண்ணீரையோ நிறுத்தினால் தானாகக் காலி செய்துவிடுவார் அல்லவா?

வேண்டவே வேண்டாம். மின்சாரம், தண்ணீர் போன்ற அத்தியாவசிய வசதிகளை உரிமையாளர் நிறுத்துவதைச் சட்டம் தடுக்கிறது. வாடகைதாரர் முறையிட்டால் உடனே மீண்டும் தரும்படி உத்தரவு வரும். வெளியூர் போயிருக்கும்போது பூட்டை மாற்றுவது, சாமான்களைத் தூக்கி வெளியே வைப்பது ஆகியவை காவல் நிலையப் புகார் வரை போய்விடும். அதுவரை பாக்கிப் பணத்துக்காக நியாயம் கேட்டுக்கொண்டிருந்த நீங்கள், அந்த நாளிலிருந்து பதில் சொல்ல வேண்டியவராகிவிடுவீர்கள். மேலும், அந்த வீட்டில் குழந்தைகளும் முதியவர்களும் இருப்பார்கள். தந்தையின் பாக்கிக்காகத் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளையை இருட்டில் உட்கார வைப்பது எந்த விதத்திலும் சரியல்ல.

மின் கட்டணத்தை எப்படி வசூலிப்பது?

ஒவ்வொரு வீட்டுக்கும் தனி மின் இணைப்பு வாங்கிவிடுவதே தீர்வு. தனி வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். அந்தச் சலுகையை வாடகைதாரருக்குக் கிடைக்கவிடாமல், உட்கணக்கு மீட்டர் வைத்து யூனிட்டுக்கு ஒரே விலை என்று வாங்குவதுதான் பல வீடுகளில் மனக்கசப்பின் தொடக்கம்.

சத்தம், அளவுக்கு மேல் ஆட்கள், உள்வாடகை போன்றவற்றுக்கு?

ஒப்பந்தத்தில் குடியிருக்கப் போகும் அனைவரின் பெயரையும் எழுதிவிடுங்கள். உங்கள் எழுத்து ஒப்புதல் இல்லாமல் வீட்டையோ அதன் ஒரு பகுதியையோ வேறொருவருக்கு விட்டால் அது வெளியேற்றத்துக்குரிய காரணம். குடியிருப்பு வீட்டைக் கிடங்காகவோ தொழிற்கூடமாகவோ மாற்றி, எச்சரித்தும் நிறுத்தாவிட்டால் அதுவும் அப்படியே. ஆனால் ஊரிலிருந்து மாமியார் வந்து ஒரு மாதம் தங்குவதை இந்தக் கணக்கில் சேர்க்கக்கூடாது. வீட்டை நேரில் பார்க்க விரும்பினால் 24 மணி நேரம் முன்னதாக எழுத்தில் தெரிவித்துவிட்டுப் பகல் நேரத்தில் போங்கள். வீடு உங்களுடையது என்றாலும், அது இப்போது அவர்கள் குடும்பம் நடத்தும் இடம்.

பழுதுகளுக்கு யார் பொறுப்பு?

கட்டடத்தின் அமைப்பு சார்ந்த பழுது, சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயின்ட், தண்ணீர்க் குழாய்களை மாற்றுவது, மின் ஒயரிங் ஆகியவை உரிமையாளரைச் சேர்ந்தவை. டேப், வாஷர், சுவிட்ச், பிளக், வாஷ்பேசின், கீசர், கதவுப் பூட்டு, உடைந்த கண்ணாடி போன்றவை வாடகைதாரரைச் சேர்ந்தவை. ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதிக்கொள்ளலாம்.

அடிக்கடி தகராறுக்கு வருவது ஓதம், அதாவது சுவரில் ஏறும் ஈரம். குளியலறையை ஒட்டிய படுக்கையறைச் சுவரில், தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்குப் பெயின்ட் கொப்பளித்து, கை வைத்தால் வெள்ளைத் தூளாக உதிரும். வாடகைதாரர் தண்ணீரை அதிகம் ஊற்றுவதால்தான் இப்படி ஆகிறது என்று உரிமையாளர் சொல்வார். பெரும்பாலும் காரணம் குளியலறைத் தரையில் டைல்ஸ் இடுக்குகளின் பூச்சு போய்விட்டதாகவோ, சுவருக்குள் ஓடும் குழாயின் இணைப்பு கசிவதாகவோ இருக்கும். மேலே பெயின்ட் மட்டும் அடித்தால் மழைக்காலம் முடிவதற்குள் மீண்டும் கொப்பளித்துவிடும். இடுக்குகளைச் சுரண்டி எடுத்துப் புதிதாக அடைத்து, சுவர் நன்றாகக் காய்ந்த பிறகே பெயின்ட் அடிக்க வேண்டும். இதை உடனுக்குடன் செய்துகொடுக்கும் உரிமையாளர் 5 சதவீத உயர்வு கேட்கும்போது வாடகைதாரர் முகம் சுளிப்பதில்லை.

பன்னிரண்டு வருடம் ஒரே வீட்டில் இருந்தால் வீடு அவருக்கே சொந்தமாகிவிடுமா?

இந்தப் பயத்தாலேயே நல்ல குடும்பங்களைக் காலி செய்யச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். பன்னிரண்டு ஆண்டு என்பது, உரிமையாளரின் உரிமையை மறுத்து, அவருக்கு எதிராக வெளிப்படையாக அனுபவிப்பவர் பற்றியது. உங்கள் அனுமதியுடன் வந்து உங்களுக்கு வாடகை செலுத்துபவர், எத்தனை ஆண்டுகள் ஆனாலும், வாடகைதாரர் என்ற நிலையில் இருந்துகொண்டே உங்கள் உரிமையை மறுக்க முடியாது. வாடகை வாங்குவதையும் ஒப்பந்தம் புதுப்பிப்பதையும் நிறுத்திவிடாதீர்கள். சொத்து வரி ரசீது உங்கள் பெயரில் தொடரட்டும்.

ஒப்பந்தக் காலம் முடிந்தும் காலி செய்ய மறுத்தால்?

புதுப்பிக்காமலும் காலி செய்யாமலும் இருந்தால், அதே நிபந்தனைகளில் மாதத்துக்கு மாதம் என்ற கணக்கில் அதிகபட்சம் ஆறு மாதம் வரை வாடகை தொடர்வதாகக் கொள்ளப்படும். வாடகை முறைப்படி முடிவுற்ற பின்னும் இருப்பவரிடம், இருக்கும் காலத்துக்கு மாத வாடகையைப் போல் இரு மடங்கு இழப்பீடு கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. வழக்குக்குப் போகும் முன், அந்த இரு மடங்குக் கணக்கை எழுதிக் காட்டி, வீடு தேட ஒன்றிரண்டு மாத அவகாசமும் கொடுத்துப் பாருங்கள். அட்வான்ஸ் காலி செய்யும் அன்றே கைக்குக் கிடைக்கும் என்ற உறுதி இருந்தால் பலர் கிளம்பிவிடுகிறார்கள். அடுத்த வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்க அவர்களுக்கு அந்தப் பணம்தான் வேண்டும்.

வாடகை வருமானத்துக்கு வரி எப்படி?

நீங்கள் செலுத்திய சொத்து வரியைக் கழித்து, மீதித் தொகையில் 30 சதவீதத்தைச் செலவுக் கணக்குக் காட்டாமலேயே கழித்துக்கொள்ளலாம். ஆண்டு வாடகை ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டினால், சம்பளத்தில் வரும் வாடகைப்படிக்கு (HRA) வரிச் சலுகை கோரும் வாடகைதாரர் உங்கள் பான் எண்ணைக் கேட்பார். அதை மறுக்க வேண்டாம்.

காலி செய்யும்போது அட்வான்ஸில் எவ்வளவு கழிக்கலாம்?

இதற்கான பதில் அவர் குடிவந்த நாளில் இருக்கிறது. சாவி கொடுக்கும் அன்று இருவரும் சேர்ந்து வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். மின் மீட்டர் ரீடிங், ஃபேன்கள், டியூப் லைட்டுகள், சமையலறைச் சிங்க்கின் அடிக்குழாய், ஜன்னல் கண்ணாடிகள், சுவரில் ஏற்கெனவே இருக்கும் கறைகள், கொடுத்த சாவிகளின் எண்ணிக்கை எல்லாவற்றையும் படம் எடுத்து, பட்டியல் எழுதி, இருவரும் கையெழுத்திடுங்கள். காலி செய்யும் அன்று அதே பட்டியலை வைத்துக்கொண்டு மீண்டும் ஒரு சுற்று வந்தால் வாக்குவாதத்துக்கு இடமிருக்காது.

உடைந்தது, காணாமல் போனது, வாடகை பாக்கி, மின் பாக்கி ஆகியவற்றைக் கழிக்கலாம். மூன்று ஆண்டுகள் குடியிருந்ததால் மங்கிய பெயின்ட்டுக்காகக் கழிப்பது நியாயமல்ல. ஒரு மாத வாடகையைப் பெயின்ட்டுக்குப் பிடித்துக்கொள்ளும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது என்றால், அதை முன்கூட்டியே ஒப்பந்தத்தில் எழுதியிருக்க வேண்டும். கழித்தது போக மீதியைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும். எதற்கு எவ்வளவு கழித்தீர்கள் என்ற கணக்கைத் தாளில் எழுதிக் கொடுத்து, மீதியை வங்கி வழியாக அனுப்பி, சாவிகள் திரும்பப் பெற்றதற்கு ஒரு வரி எழுதி இருவரும் கையெழுத்திட்டுக்கொள்ளுங்கள்.